2018-க்கு இரண்டு பட்டியல் போடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

நம் பிள்ளைகள் பலர் குரூப் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பொது அறிவுக் குறிப்பேட்டில் ஒவ்வோர் ஆண்டுக்கும் "முக்கிய நிகழ்வுகள், மறைந்தவர்கள்" என்று ஒரு பக்கம் வைத்திருப்பீர்கள். அதில் 2018-ஐ எடுத்துப் பாருங்கள். இடமே இல்லாமல் நிறைந்து கிடக்கும்.

ஆகஸ்ட் மாதம் ஒன்று போதும். 7-ஆம் தேதி கலைஞர் தமது 94-ஆம் வயதில் மறைந்தார். மெரினாவில் இடம் தருவதா இல்லையா என்று இரவோடு இரவாக உயர் நீதிமன்றம் விசாரித்ததை நாம் எல்லோரும் தூங்காமல் பார்த்தோம். 11-ஆம் தேதி எழுத்தாளர் நைபால், 13-ஆம் தேதி சோம்நாத் சட்டர்ஜி, 16-ஆம் தேதி வாஜ்பாய், 18-ஆம் தேதி கோபி அன்னான், 23-ஆம் தேதி குல்தீப் நய்யார். அதே மாதத்தில்தான் கேரள வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இத்தாலியின் ஜெனோவா நகரில் பாலம் இடிந்து 43 பேர் மாண்டதும் அதே மாதம் 14-ஆம் தேதிதான்.

இவை அனைத்தையும் ஒரே பட்டியலில் வரிசை எண் போட்டு எழுதி மனப்பாடம் செய்கிறோம். இது சரியில்லை என்பது என் கருத்து. தேர்வுக்குத் தேதி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் முழு வாழ்வு வாழ்ந்து முடித்தவரின் மறைவும், நடந்திருக்கவே வேண்டாத ஒரு சாவும் ஒன்றல்ல. முதலாவதற்கு நாம் செய்ய வேண்டியது அஞ்சலி. இரண்டாவதற்கு அஞ்சலி மட்டும் போதாது, விசாரணை வேண்டும். ஒரே பட்டியலில் போட்டால் இரண்டுக்கும் மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பக்கத்தில் விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் புழங்கிய ஜாடி உடைந்தால் வீட்டில் யாரும் விசாரணை வைப்பதில்லை. சூளையிலேயே ஒன்று வெடித்தால் சும்மா விடுவார்களா? சரியாகக் காயவில்லையா, சூடு அதிகமா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த சூளை வைப்பார்கள்.

2018-இன் இரண்டாவது பட்டியலை எழுதிப் பார்ப்போம். மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளவயதினர். கோடையில் காய்ந்த புல் மலையில் தீ பிடிக்கும் என்பது தெரியாத செய்தியா? மலையேற்றத்துக்கு முறையான விதிகளை அரசு வகுத்தது அதற்குப் பிறகுதான்.

மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-ஆவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 17 வயதுப் பெண்ணும் ஒருவர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டுகள் விசாரித்து 2022-இல் அறிக்கை தந்தது. காவல்துறையினர் மீதும் வருவாய்த்துறையினர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29-இல் தள்ளுபடி செய்தது. உங்கள் குறிப்பேட்டில் "மே 22, 13 பேர் பலி" என்பதோடு வரி முடிந்திருந்தால் பாதிதான் படித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். செப்டம்பரில் இந்தோனேசியாவின் சுலவேசி தீவில் சுனாமி வந்தது. 2004-க்குப் பிறகு கடலில் போட்ட எச்சரிக்கை மிதவைகள் பல ஆண்டுகளாக வேலை செய்யாமல் கிடந்தன. நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்த தீயில் 85 பேர் இறந்தார்கள். பழைய மின்கம்பியிலிருந்து கிளம்பிய தீ அது. 2020-இல் அந்த மின் நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

"ஐயா, வயதானவர் என்றால் முதல் பட்டியல், இளையவர் என்றால் இரண்டாவதா?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படி இல்லை. பேராசிரியர் ஜி.டி. அகர்வாலுக்கு 86 வயது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாடம் நடத்தியவர். கங்கை தடையில்லாமல் ஓட வேண்டும் என்று கேட்டு 111 நாள் உண்ணாநோன்பு இருந்து அக்டோபர் 11-இல் இறந்தார். அவருடைய சாவை வயதின் கணக்கில் எழுதிவிட முடியுமா? மார்ச் 14-இல் மறைந்த ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 76 வயது. 21 வயதில் "இன்னும் இரண்டு வருடம்தான்" என்று மருத்துவர்கள் சொன்னவர். நல்ல மருத்துவமும் துணையிருந்தவர்களும் சேர்ந்து 50 ஆண்டுக்கு மேல் கூட்டிக் கொடுத்தார்கள். ஆக, வயதைப் பார்க்காதீர்கள். தடுத்திருக்க முடியுமா என்று பாருங்கள்.

தடுத்ததற்கும் அந்த ஆண்டிலேயே சான்று உண்டு. தாய்லாந்துக் குகையில் மாட்டிக்கொண்ட 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் ஜூலை 10-க்குள் உயிரோடு வந்தார்கள். மீட்கப் போன முன்னாள் கடற்படை வீரர் சமன் குணான் உயிரைக் கொடுத்தார். கேரளத்தில் மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கானோரைக் கரை சேர்த்தார்கள். நம் டெல்டாவில் நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடப்பதற்குள் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை முகாம்களுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். தென்னை போயிற்று, வீடு போயிற்று, பல உயிர்களும் போயின. அவர்களை நகர்த்தாமல் விட்டிருந்தால் எத்தனை போயிருக்கும்? சாகாமல் தப்பியவர்களின் பெயர் எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் வராது.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் மாவட்டத்தில் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டதைப் பார்த்தவர்கள் நாம். அதனால் இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை.

முதல் பட்டியலையும் குறைத்துச் சொல்லவில்லை. கலைஞரோடு ஐராவதம் மகாதேவன், ந. முத்துசாமி, ம.இலெ. தங்கப்பா, பிரபஞ்சன், பாலகுமாரன், நெல் ஜெயராமன் ஆகியோரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் செய்த வேலை ஒன்றை எழுதுங்கள். அதுதான் அஞ்சலி.

இரண்டாவது பட்டியலில் மூன்று கேள்வி எழுதுங்கள். ஏன் நடந்தது? யார் விசாரித்தார்கள்? பிறகு என்ன மாறியது? மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் பதில் கிடைக்காது. அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள். எதையாவது எழுதி நிரப்ப வேண்டாம்.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் நாளை கிராம நிர்வாக அலுவலராகவோ வருவாய் ஆய்வாளராகவோ உட்காரப் போகிறீர்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். புயல் எச்சரிக்கை வந்த இரவில் வெள்ளாற்றங்கரையில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதா, காலையில் சேதக் கணக்கு எழுதிக்கொள்ளலாம் என்று படுப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்வீர்கள். அன்றைக்கு 2018 எத்தனை மதிப்பெண் வாங்கித் தந்தது என்பது நினைவுக்கு வராது. இந்த இரண்டாவது பட்டியல் வரட்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.