ரிப்போர்ட்டை மட்டும் அழகாக்கும் மாத்திரையா?

"கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் ஸ்டாட்டினைத் தவிர மற்றதெல்லாம் ரிப்போர்ட்டைத்தான் அழகாக்கும் சார். ஹார்ட் அட்டாக்கைத் தடுக்காது." காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் இது ஏறத்தாழத் தீர்ப்பு. சொன்னவரின் சட்டைப்பையில் இருந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். ரோசுவாஸ்டாட்டின் 10, அடுத்த வரியில் பொடி எழுத்தில் எசிட்டிமைப் 10. திட்டிக்கொண்டே தினமும் விழுங்குகிறார்!

இந்தப் பேச்சு வெறும் வாயில் பிறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியாசின் நல்ல கொழுப்பை ஏற்றும் என்று வெகுகாலம் நம்பிக் கொடுத்தார்கள். 25,673 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது: ஸ்டாட்டினோடு அதைச் சேர்த்ததில் மாரடைப்பு குறையவில்லை, சர்க்கரை நோய்தான் கூடியது. அதே நோக்கத்தில் வந்த டார்செட்ராபிப் மாத்திரை இன்னும் மோசம். ரிப்போர்ட் பிரமாதம், சாவு அதிகம். 2006-இல் சோதனையையே நிறுத்தினார்கள்.

அந்த இரண்டின் பழியை எசிட்டிமைப்பின் தலையில் ஏன் கட்ட வேண்டும்? அது குடலில் கொலஸ்ட்ரால் உள்ளே நுழையும் வாசலை அடைக்கிறது. வரத்து குறைந்ததும் ஈரல் ரத்தத்திலிருக்கும் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. ஸ்டாட்டினும் கடைசியில் ஈரலைச் செய்யவைப்பது இதைத்தான். 2015-இல் வெளியான ஆய்வில் 18,144 இதய நோயாளிகள். ஏழாண்டில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஸ்டாட்டின் மட்டும் எடுத்தவர்களில் 34.7 சதவீதம்; எசிட்டிமைப்பும் சேர்த்தவர்களில் 32.7. நூற்றுக்கு இரண்டு பேர்தானே என்று உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் ஸ்டாட்டினால் எல்.டி.எல். 70 அளவுக்கு இறங்கிவிட்டவர்களுக்கு, அதற்கும் மேல் கிடைத்த பலன் அது.

அடுத்தது, "ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வழியில்லை" என்பது. ஒத்துக்கொள்ளாதவர்கள் பெரும்பாலும் சொல்வது தசைவலி. அவர்களுக்கும் ஒரு மாத்திரை உண்டு: பெம்படோயிக் ஆசிட். அது ஈரலுக்குள் போய்த்தான் உயிர்பெறும். அதைத் தட்டியெழுப்பும் நொதி தசையில் இல்லை. ஸ்டாட்டின் சேராத 13,970 பேரிடம் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள்: இதயப் பாதிப்புகள் 13 சதவீதம் குறைந்தன. யூரிக் ஆசிட் ஏறும். கவுட் இருப்பவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஊசிகளும் உண்டு, எவலோகுமாப் மாரடைப்பைக் குறைப்பது 2017-இலேயே தெரிந்துவிட்டது. அதற்கு எதிரி விலைதான்.

இத்தனைக்கும் முதல் ஸ்டாட்டின் கடைக்கு வந்ததே 1987-இல். அதற்கு மூன்றாண்டு முன்பே, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் கொலஸ்டிரமைன் பொடி மாரடைப்பைக் குறைக்கிறது என்று நிரூபித்திருந்தார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு நண்பர் மெல்ல இழுத்தார்: "அப்போ ஸ்டாட்டினை நிறுத்திடலாமா சார்?"

"ஐயோ, அதை யார் சொன்னது? முதல் மாத்திரை இன்னமும் அதுதான்" என்று அட்டையை அவர் பையிலேயே செருகினேன்.