பூனைக்குச் சாப்பாடு வைப்பதும் வேலையா?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை வெளிநாடு அனுப்ப இருப்பவர்களும், வீட்டில் வெளிநாட்டுக்காரரைத் தங்க வைப்பவர்களும் முழுதாக வாசியுங்கள்.

வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாட்களில் வீட்டையும் நாய் பூனையையும் ஒரு பயணியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது மேல்நாடுகளில் பெருகிவிட்டது. சம்பளம் இல்லை, தங்குமிடம் இலவசம். ஆள் பிடித்துத் தர இணையத்தளங்களும் உண்டு. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, "டீச்சர், டூரிஸ்ட் வீஸாவில் போய் இப்படித் தங்கினால் ஹோட்டல் காசு மிச்சம்தானே?" என்று கேட்டாள். மிச்சம்தான், உள்ளே விட்டால்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனைச் சேர்ந்த மெடோலின் கோர்லி 2022 ஜூன் இறுதியில் கனடாவுக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. லாஸ் ஏஞ்சல்ஸில் விமானம் மாற வேண்டும், அவ்வளவுதான். அங்கேயே மறித்து, கைரேகை எடுத்து, கர்ப்பமா என்றுகூடக் கேட்டு, திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்பு அமெரிக்காவில் தங்குமிடத்துக்காக வீடு பார்த்துக் கொடுத்தது அனுமதியில்லாத வேலை என்றார்கள். ஒரு டொலரும் கைமாறவில்லை. தங்க இடம் கிடைத்ததே கூலி என்பது அவர்கள் கணக்கு.

2025 பெப்ரவரியில் வேல்ஸைச் சேர்ந்த ரெபேக்கா பர்க்குக்கு நடந்தது இன்னும் மோசம். அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு தங்கி, பதிலுக்கு வீட்டு வேலையில் கைகொடுத்தவர். கனடாவிலும் அதையே செய்ய எல்லைக்குப் போனபோது, இதற்கு வேலை வீஸா வேண்டும் என்று கனடா திருப்பியது. அமெரிக்கா 19 நாள் தடுப்பு முகாமில் வைத்தது. இவர்கள் இருவரும் தூதரக வாசலில் நிற்காமலே அமெரிக்கா போகக்கூடிய பாஸ்போட் வைத்திருந்தவர்கள். நம் பாஸ்போட்டோடு போகிற பிள்ளையிடம் எத்தனை கேள்வி கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இதில் கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. விடிய எழும்பி முற்றம் கூட்டி, பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றி, கோழிக்குத் தீன் போட்டு, நாள் முழுக்க வீட்டைக் காக்கிற பெண்ணை "வீட்டில் சும்மாதான் இருக்கிறா" என்போம். அதை வேலை என்று ஒத்துக்கொண்ட ஒரே ஆள் எல்லையில் நிற்கும் அதிகாரிதான் போலிருக்கிறது! அவரும் திருப்பி அனுப்பத்தான் ஒத்துக்கொள்கிறார்.

ஆனால் சட்டம் தெளிவாக இருந்தால் இத்தனை பேர் மாட்டமாட்டார்கள். லெப்டொப்பில் வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்யும் பயணிக்கு நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் விசிட்டர் வீஸாவிலேயே இடம் கொடுத்தது. பூனைக்குச் சாப்பாடு வைப்பவருக்குப் பல இடங்களில் கவுண்டரில் இருப்பவரின் மனநிலைதான் சட்டம். அதையும் எழுதி வையுங்கள் என்று கேட்பது நியாயம்தானே.

மகளின் பிள்ளையைப் பார்க்க லண்டன் போகும் உம்மாமார் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். குறுகிய கால விசிட்டில் குடும்பப் பிள்ளையைப் பராமரிக்க பிரித்தானிய வழிகாட்டலில் இடம் இருக்கிறது, சம்பளத்துக்கு ஆயாவாக இருக்கக் கூடாது. எனவே உள்ளதைச் சொல்லுங்கள். "சும்மா சுற்றிப் பார்க்கப் போறன் என்று சொல்லுங்க" என்று சொல்லிக்கொடுக்கும் ஏஜென்ட்டை மட்டும் நம்பாதீர்கள். விண்ணப்பத்தில் பொய் பிடிபட்டால் பிரித்தானியாவில் 10 வருடம், கனடாவில் 5 வருடம் தடை விழலாம். போனைத் திறந்து மெசேஜ் பார்க்கிற காலம் இது.

இனி நம் பக்கம். பேராதனை கெம்பஸைச் சுற்றியும் ஹந்தானைப் பக்கமும் வெளிநாட்டுக்காரர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். "மேல் அறையில் இருங்க, வாடகை வேண்டாம், நாங்கள் உம்ரா போய் வரும்வரை வீட்டையும் பூனையையும் பார்த்துக்கொள்ளுங்க" என்று நல்ல மனதோடு சொல்லிவிடுகிறோம். வீடு அமானிதம், நம்பிக்கையானவரிடம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் நம் நாட்டுச் சுற்றுலா வீஸாவிலும் சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ வேலை செய்யக்கூடாது என்பதே நிபந்தனை. 2024 பெப்ரவரியில் தென்கரையில் ரஷ்ய, உக்ரேனியப் பயணிகள் சுற்றுலா வீஸாவில் தொழில் நடத்துவதாக நாடே கொதித்தது நினைவிருக்கும். கடைசியில் சிக்கலில் மாட்டுவது அந்த விருந்தாளிதான். முதலில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

பிரித்தானியா, கனடா, ஆஸ்திரேலியா போய் வந்தவர்கள், கவுண்டரில் உங்களிடம் என்ன கேட்டார்கள் என்று கீழே எழுதுங்கள். புறப்படக் காத்திருக்கும் பிள்ளைகள் வாசிப்பார்கள்.