விண்ணப்பம் போடும்போது லேப்டாப் தூங்கிவிடுகிறதா? மெக்கானிக்கிடம் ஓடும் முன் இதைப் பாருங்கள்!

திருத்தணி மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் குடும்பம் அது. வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் மகள், மாமா பையன் கொடுத்த பழைய லேப்டாப்பில் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். கடைசி தேதிக்கு இன்னும் ஒரு நாள்தான். மதிப்பெண், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஓ.டி.பி வரும் நேரம் பார்த்து திரை கறுத்துப்போகிறது. பட்டனை அழுத்தி எழுப்புவதற்குள், நேரம் முடிந்துவிட்டது என்று இணையதளம் முதல் பக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. இது மூன்றாவது முறை.

"மதர்போர்டு போயிருக்கும்மா. அரக்கோணம் எடுத்துட்டுப் போனா ரெண்டு நாள் ஆகும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அம்மாவின் முகம் வாடிவிடுகிறது. ஆனால், மதர்போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை!

தூக்கமா, அணைந்துபோகிறதா?

முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பட்டனைத் தட்டியதும் திறந்து வைத்திருந்த பக்கங்கள் அப்படியே திரும்பி வந்தால், அது தூக்கம்தான். பயப்பட வேண்டாம். கம்பெனி லோகோ தெரிந்து, எல்லாமே புதிதாகத் தொடங்கினால், மெஷின் அணைந்திருக்கிறது. அதிகச் சூடு, பேட்டரி, மின் இணைப்பு போன்றவற்றை மெக்கானிக் பார்க்க வேண்டியது அப்போதுதான்.

தூங்குவது நோய் அல்ல, கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம். 1992-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 'எனர்ஜி ஸ்டார்' திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் முத்திரை பெற்றவை கம்ப்யூட்டர்களும் மானிட்டர்களும்தான். சும்மா இருக்கும் நேரத்தில் கரன்ட்டை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம். ஆகவே, தூங்கச் சொன்னது யார் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

பிளக்கைப் பாருங்கள்

விண்டோஸில் செட்டிங்ஸ் போய், சிஸ்டம், பவர் என்று திறந்தால், எத்தனை நிமிடத்தில் தூங்க வேண்டும் என்பது இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று சார்ஜர் போட்டிருக்கும்போது, இன்னொன்று பேட்டரியில் ஓடும்போது. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, 'மாத்தியும் தூங்குதே' என்று புலம்புகிறவர்கள் பலர். பிளக் லூஸாக இருந்தாலோ, சுவிட்ச் போட மறந்திருந்தாலோ மெஷின் பேட்டரியில்தான் ஓடும். திரையின் மூலையில் பேட்டரி படத்தில் சார்ஜ் ஏறும் அடையாளம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

மெஷினே சொல்லும் காரணம்

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறங்கள். அதில் விண்டோஸ் லாக்ஸ், பிறகு சிஸ்டம். கெர்னல்-பவர் என்ற பெயரில் 42 என்ற எண் இருந்தால், மெஷின் தூங்கப் போனதன் பதிவு அது. கீழே காரணமும் இருக்கும். 'சிஸ்டம் ஐடில்' என்றால், யாரும் தொடவில்லை என்று தூங்கியிருக்கிறது. நிமிடத்தைக் கூட்டினால் போதும். 'பேட்டரி' என்றால் சார்ஜ் தீர்ந்திருக்கிறது. புதிய லேப்டாப் சிலவற்றில் 42-க்குப் பதிலாக 506 என்று இருக்கும். 41 என்று இருந்தால், முறையாக அணைக்காமல் மெஷின் நின்றுபோயிருக்கிறது. அது தூக்கக் கணக்கில் வராது.

திருத்தணி வீட்டில் வந்தது, 'பட்டன் ஆர் லிட்'. அதாவது, மூடியை மூடிவிட்டார்கள் என்று லேப்டாப் நினைத்திருக்கிறது. திறந்திருக்கும் மூடியை எப்படி மூடியதாக நினைக்கும்?

பல லேப்டாப்களில் மூடியின் ஓரத்தில் சின்னக் காந்தமும், கீழ்ப்பகுதியில் அதை உணரும் சென்சாரும் இருக்கும். காந்தம் அருகில் வந்தால் மூடியாகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் காந்தம் யாருடையது என்று அதற்குத் தெரியாது. ஓ.டி.பி-க்காக அம்மா ஒவ்வொரு முறையும் தன் போனை கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். போன் கவரைப் பூட்டும் பட்டனில் காந்தம்!

காந்த வளையல், காந்தப் பட்டன் வைத்த பர்ஸ், அடியில் வைத்த இன்னொரு லேப்டாப் எல்லாமே இந்த வேலையைச் செய்யும். எடுத்துத் தள்ளி வையுங்கள். அப்படியும் தூங்கினால், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் 'டூ நத்திங்' என்று மாற்றிப் பாருங்கள். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பைக்குள்ளேயும் லேப்டாப் விழித்திருந்து சூடாகும். இந்த மாற்றத்துக்குப் பிறகு தூக்கம் நின்றுவிட்டால், சென்சாரில் கோளாறு இருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் நிதானமாகக் காட்டலாம்.

அன்று இரவு நான்காவது முறையாக விண்ணப்பம் திறக்கிறது. இந்த முறை ஒவ்வொரு பக்கத்திலும் 'சேவ்' அழுத்துகிறாள் மகள். அம்மா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வந்த ஆறு எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறார்.