பறிகூலியும் லிட்டர் விலையும்

உயிரி டீசலின் அடக்கவிலையைப் பெட்ரோலிய டீசலின் விலையோடு ஒப்பிடும் திட்ட அறிக்கைகள் பலவற்றில், விற்பனை நிலையத்தின் லிட்டர் விலையிலிருந்து ஆலை வாயிலின் லிட்டர் விலையைக் கழித்து, மீதியை ஆதாயமெனக் காட்டும் வழக்கம் நிலைத்துவிட்டது. தர்மபுரி மாவட்டத்தின் கடத்தூர் போன்ற மானாவாரி வட்டாரங்களுக்கு எண்ணெய் விதைத் திட்டங்களைப் பரிந்துரைக்கும் பொறியாளர்களும் வேளாண் அலுவலர்களும் இக்கழித்தலை நம்பியே முடிவெடுக்கின்றனர் என்பதால், அதன் உள்ளடக்கத்தைச் சற்று விரிவாக ஆராய்வது தேவையாகிறது.

முதலில் கவனிக்கத்தக்கது லிட்டர் என்னும் அளவே. உயிரி டீசல் என்பது தாவர எண்ணெயையோ விலங்குக் கொழுப்பையோ மெத்தனாலுடன் காரவினையூக்கியின் முன்னிலையில் வினைப்படுத்திப் பெறும் எஸ்டர். அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால், ஒரு லிட்டரில் அடங்கும் வெப்ப ஆற்றல் டீசலைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. 2024 மார்ச் மாதக் குறைப்புக்குப் பின் சென்னையில் டீசல் ஏறத்தாழ 92 ரூபாய்க்கு விற்றது என்னும்போது, அதே வேலையைச் செய்யும் உயிரி டீசல் லிட்டர் 85 ரூபாய்க்குக் கிடைத்தால்தான் டிராக்டர் வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகும். அந்த 92 ரூபாயிலும் ஒன்றிய அரசின் கலால் வரியும் மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்ததால், வரி நீங்கிய டீசலின் விலை 60 ரூபாயை ஒட்டியே நின்றது. வரியோடு கூடிய ஒரு பொருளை வரிச்சலுகை பெற்ற மற்றொரு பொருளோடு ஒப்பிட்டுப் பின்னதை மலிவென்று கூறுவது, அரசு விட்டுக்கொடுக்கும் வருவாயைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகக் கணக்கெழுதுவதாகும்.

உயிரி டீசலின் அடக்கவிலையில் முக்கால் பங்கு, சில வேளைகளில் அதற்கும் மேல், மூலப்பொருளுக்கே செல்கிறது என்பது இத்துறையினர் அனைவரும் அறிந்தது. ஆனால் அந்த மூலப்பொருளின் விலை எதனால் ஆனது என்பது போதிய அளவில் பேசப்படவில்லை. இத்தகைய திட்டங்களில் முன்னிறுத்தப்பட்ட காட்டாமணக்கை எடுத்துக்கொண்டால், அதன் காய்கள் ஒரே காலத்தில் முதிர்வதில்லை. ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் கருப்புமாக நிற்கும் காய்களில் முதிர்ந்தவற்றை மட்டும் தேர்ந்து பறிக்க, அதே செடிக்குப் பலமுறை திரும்ப வேண்டும். ஓர் ஆள் ஒரு நாளில் பறித்து, உலர்த்தி, தோல் நீக்கித் தரும் விதையை 20 கிலோ எனக் கொள்வோம். தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் 2024-25 ஆம் ஆண்டு நாட்கூலியான 319 ரூபாயை அதற்கு ஈடாக வைத்தால், ஒரு கிலோ விதைக்குப் பறிகூலி மட்டும் 16 ரூபாய் ஆகிறது. எக்ஸ்பெல்லர் எனப்படும் எண்ணெய் பிழியும் பொறியில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்றரை முதல் நான்கு கிலோ விதை தேவைப்படுவதால், லிட்டருக்குப் பறிகூலி 56 முதல் 64 ரூபாய் வரை வருகிறது. நிலத்தின் வாடகை, நீர், உரம், வண்டிச் சத்தம், மெத்தனால், மின்சாரம், ஆலையின் வட்டி ஆகிய எதுவும் சேர்வதற்கு முன்பே, கூலி ஒன்று மட்டும் வரி நீங்கிய டீசலின் விலையைத் தொட்டுவிடுகிறது. புண்ணாக்கும் கிளிசரினும் சிறிது ஈடுசெய்யும் என்பது உண்மையே எனினும், காட்டாமணக்குப் புண்ணாக்கு நச்சுத்தன்மை உடையதாகையால் தீவன விலை பெறாமல் எரு விலையே பெறுகிறது.

இக்கூலியைப் பல அறிக்கைகள் குடும்பத்தின் ஓய்வுநேர உழைப்பு என்று பெயரிட்டுச் சுழியமாகக் கொள்கின்றன. வெயிலில் நின்று காய் பறிக்கும் பெண்ணின் ஒரு நாளுக்கு விலையில்லை என்று எழுதிய பிறகே அந்த எரிபொருள் மலிவாகிறது என்றால், அதை மலிவு என்று அழைப்பது நேர்மையாகாது.

கடந்த இருபது ஆண்டுகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. 2003 இல் ஒன்றிய அரசின் திட்டக்குழு அமைத்த குழு காட்டாமணக்கை முன்னிறுத்தி, டீசலில் 20 விழுக்காடு கலப்பை இலக்காக்கியது. 2005 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு 2006 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கொள்முதல் கொள்கை லிட்டருக்கு 25 ரூபாயும், பின்னர் 26.50 ரூபாயும் நிர்ணயித்தது; அவ்விலையில் தயாரிக்க இயலாததால் கொள்முதல் ஏறக்குறைய நடக்கவே இல்லை. தமிழ்நாட்டில் ஒப்பந்த முறையில் இப்பயிர் ஊக்குவிக்கப்பட்டபோது நட்டவர்களின் நிலையைக் கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆராய்ந்து 2010 இல் வெளியான ஆய்வு, விளைச்சல் எதிர்பார்ப்பைவிட மிகக் குறைந்ததையும், தரிசில் வளரும் எனப்பட்ட செடிக்குப் பாசன நீரே விளைச்சலைத் தீர்மானித்ததையும், உணவும் தீவனமும் தந்த பயிர்களின் இடத்தை அது பிடித்ததையும் பதிவு செய்தது. 2018 இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை இலக்கை 2030 இல் 5 விழுக்காடாகச் சுருக்கிக்கொண்டது. 2024 வரையிலான கலப்பு ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை.

கடத்தூர் வட்டாரத்தின் தேவையையும் சரியாக மதிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் பாசன மோட்டார்கள் பெரும்பாலும் கட்டணமில்லா மின்சாரத்தில் ஓடுவதால், வட இந்திய மாநிலங்களுக்காக எழுதப்பட்ட டீசல் பம்ப்செட் வாதங்களுக்கு இங்கே பொருத்தம் மிகக் குறைவு. இங்கு டீசல் செலவாவது உழவு டிராக்டரிலும், கதிரடிக்கும் இயந்திரத்திலும், வெற்றிலையையும் மாங்காயையும் சந்தைக்குக் கொண்டுசெல்லும் சிறு சரக்கு வண்டிகளிலும்தான். ராகியும் சாமையும் விளையும் மானாவாரி நிலத்தை இவ்வண்டிகளின் எரிபொருளுக்காக மாற்றுவதற்கு மேற்கண்ட கணக்கில் எந்த நியாயமும் இல்லை. வேலியிலும் சாலையோரத்திலும் முன்பே நிற்கும் புங்கமரங்களின் விதை வேறு வகை. அதற்கு நிலச்செலவு இல்லை, ஆனால் பொறுக்குகூலி உண்டு.

பயன்படுத்திய சமையல் எண்ணெயின் நிலை இவற்றினும் மேலானது, ஏனெனில் அதன் பறிகூலியும் பிழிகூலியும் வேறொருவரால் முன்பே கொடுக்கப்பட்டுவிட்டன. 2019 ஆகஸ்டில் எண்ணெய் நிறுவனங்கள் இவ்வெண்ணெயிலிருந்து தயாராகும் உயிரி டீசலுக்கு முதலாண்டில் லிட்டர் 51 ரூபாய் என அறிவித்தன. எனினும் பலமுறை காய்ந்த எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் மிகுந்திருப்பதால், அமில முன்வினை இன்றி நேரே காரத்தைச் சேர்த்தால் எஸ்டருக்குப் பதிலாகச் சோப்பே திரளும்; அம்முன்வினைக்கும் செலவுண்டு. பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் பெருகும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்துவதை 2018 முதல் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. ஆயினும் அவ்வெண்ணெயைத் திரும்பவும் பொரிக்க வாங்குவோர் ஆலையைவிட அதிக விலை தரும் இடங்களில், உணவுப் பாதுகாப்பு அலுவலரின் ஒத்துழைப்பு இல்லாமல் எந்த ஆலைக்கும் மூலப்பொருள் கிட்டாது.

இந்திய டீசல் தரநிர்ணயமான ஐ.எஸ். 1460 ஏழு விழுக்காடு வரை உயிரி டீசல் கலப்பதை அனுமதிப்பதால், எஞ்சினைப் பற்றிய தயக்கத்துக்கு இங்கு இடமில்லை. தயக்கம் கணக்கைப் பற்றியதே. தர்மபுரி மாவட்டத்துக்கென இனித் திட்ட அறிக்கை எழுதுவோர், விலையை லிட்டருக்கு அல்லாமல் வெப்ப ஆற்றலின் அலகுக்குக் காட்டுமாறும், வரியைத் தனி வரியில் எழுதுமாறும், பறிப்பவரின் முழு நாட்கூலியை அட்டவணையின் முதல் வரியில் வைக்குமாறும் இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.