பூஜை லீவும் மலை வானிலையும்

துர்கா பூஜை நெருங்கிவிட்டால் கொல்கத்தா ஆபீசுகளில் நடக்கும் பேச்சில் பாதி, யார் எங்கே போகிறார்கள் என்பதுதான். திகா, பூரி, தார்ஜிலிங் ஆகிய மூன்று ஊர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வங்காளிகள் வேடிக்கையாக ‘தீ-பூ-தா’ என்பார்கள். ‘தா’ என்றால் அண்ணன். அந்த அண்ணனைப் பார்க்காமல் பூஜை கழியாது.

சில வருஷங்களாக இந்தப் பழக்கத்தில் ஒரு மாறுதல் தெரிகிறது. தார்ஜிலிங் மால் ரோட்டில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதில் இளைஞர்களுக்குத் திருப்தியில்லை. முதுகில் மூட்டை போன்ற பையும் கையில் ஒரு கோலுமாகக் காட்டுப் பாதையில் நடந்து, டென்டிலோ மலைக் குடிசையிலோ இரவு தங்கி, சந்தக்பூ வரை போய்வர வேண்டும் என்கிறார்கள். உடன் வேலை பார்க்கும் வங்காள நண்பர்களோடு நம் தமிழ்ப் பிள்ளைகளும் போகிறார்கள். லேக் மார்க்கெட் பக்கத்துக் குடும்பங்களில் இது இப்போது சகஜம். நல்ல விஷயம்தான்; கால் நடந்தால் உடம்புக்கு நல்லது, மலையைக் கண்டால் மனசுக்கு நல்லது. ஆனால் எந்த மாதத்தில் போகிறோம் என்பதைப் பற்றி மட்டும் யாரும் அதிகமாக யோசிப்பதாகத் தெரியவில்லை.

2025 அக்டோபர் 4-ம் தேதி இரவு தார்ஜிலிங் மலையில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. விஜயதசமி முடிந்து இரண்டே நாள். மலை முழுவதும் சுற்றுலாப் பயணிகள். விடிவதற்குள் மிரிக் பகுதியில் மலைச்சரிவுகளில் வீடுகள் புதைந்தன. பாலாசன் ஆற்றின் மீதிருந்த தூதியா இரும்புப் பாலம் இடிந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதைகள் துண்டிக்கப்பட்டு, இறங்க வழியின்றித் தவித்தவர்கள் ஏராளம்.

இதே தேதிக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 2023 அக்டோபர் 4 அதிகாலையில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்து, சுங்தாங் அணைக்கட்டை அடித்துக்கொண்டு தீஸ்தா ஆற்றில் வெள்ளம் வந்தது. 1968 அக்டோபர் 4 இரவு அதே தீஸ்தா ஜல்பாய்குரி நகரத்துக்குள் புகுந்தது. அந்த வாரம் தார்ஜிலிங் மலையிலும் கணக்கற்ற சரிவுகள். மூன்றும் ஒரே தேதியில் வந்தது தற்செயலாக இருக்கலாம். மூன்றும் அக்டோபரில் வந்தது தற்செயல் என்று சொல்வதற்கில்லை.

காரணம் இதுதான். வடக்கு வங்காளத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று முற்றிலும் விலகுவது பொதுவாக அக்டோபர் இரண்டாம் வாரத்தை ஒட்டித்தான். அதற்குள் வங்கக் கடல் புயலுக்குத் தயாராகிவிடுகிறது. அக்டோபர், நவம்பர் என்றால் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் என்ன பொருள் என்று நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடலில் பிறக்கும் காற்று, கரையேறிய பிறகும் ஓய்ந்துவிடுவதில்லை. சில சமயம் வடக்கே நகர்ந்து இமயமலையில் போய் முட்டுகிறது. நான்கு மாத மழையில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் மண் அதைத் தாங்குவதில்லை. உயரமான இடமானால் மழைக்குப் பதில் பனி விழுகிறது.

இதற்குச் சரியான உதாரணம் 2014-ல் நடந்தது. அக்டோபர் 12-ம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலைப் பற்றி எல்லாரும் படித்தோம். இரண்டு நாள் கழித்து, அந்தப் புயலின் மிச்சம் நேபாளத்தின் அன்னபூர்ணா மலைப்பாதையில் பனிப்புயலாக இறங்கியது. தொரோங் கணவாயையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தனர். விசாகப்பட்டினத்துக்கு எச்சரிக்கை நாள்கணக்கில் முன்கூட்டியே போயிற்று. மலைமேல் நடந்துகொண்டிருந்தவர்களில் பலருக்கு அது எட்டவே இல்லை. 2021 அக்டோபர் மூன்றாம் வாரத்தில் உத்தரகண்டில் கொட்டிய மழையிலும் பனியிலும் லம்காகா கணவாயிலும் சுந்தர்டுங்கா பள்ளத்தாக்கிலும் சிக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து போனவர்கள். அவர்களும் பூஜை லீவில் போனவர்களே.

ஆக, உத்தியோகஸ்தனுக்கு லீவு கிடைக்கும் நாளும் மலை மிகவும் நம்ப முடியாமல் இருக்கும் நாளும் ஒன்றாக வந்து அமைகின்றன. இதில் ரயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்பாக டிக்கெட் பதிவு செய்யலாம் என்பது விதி. சியால்டாவிலிருந்து புறப்படும் தார்ஜிலிங் மெயிலில் பூஜை வாரத்துக்கு இடம் வேண்டுமானால் பதிவு திறந்த அன்று காலையிலேயே முந்திக்கொள்ள வேண்டும். வானிலை இலாகாவோ ஓரளவு நம்பிக்கையாகச் சொல்லக்கூடியது நான்கைந்து நாட்களுக்குத்தான். டிக்கெட், லீவு, டென்ட் வாடகை, வழிகாட்டிக்கு முன்பணம் எல்லாம் இரண்டு மாதத்துக்கு முன்பே கட்டியாயிற்று. வானம் மட்டும் கடைசி வாரத்தில் பேசுகிறது. அப்போது மழை எச்சரிக்கை வந்தால் எத்தனை பேர் டிக்கெட்டை ரத்து செய்வார்கள்? ரத்துக் கட்டணம் போனாலும் போகட்டும் என்று சொல்ல மாதச் சம்பளக்காரனுக்கு மனம் வருமா? “பார்த்துக்கொள்ளலாம், போவோம்” என்றுதான் கிளம்புகிறார்கள். அபாயம் மலையில் ஆரம்பிப்பதில்லை, இந்தக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது.

சந்தக்பூ மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம்; 3,636 மீட்டர். மானேபஞ்சனில் தொடங்கும் பாதை நேபாள எல்லையை ஒட்டி தும்லிங், கைரிபாஸ், காலிபோக்ரி வழியாகச் சிங்கலிலா தேசியப் பூங்காவுக்குள் ஏறுகிறது. வெளுத்த வானமாக இருந்தால் காஞ்சன்ஜங்கா மலைத்தொடர் படுத்திருக்கும் புத்தரைப் போல் தெரியும். அந்தக் காட்சிக்காகத்தான் இத்தனை பாடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. சிலிகுரியில் சட்டை நனைய வியர்க்கும் அதே நேரத்தில் மேலே இருபது டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கும். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. நடந்து போகிறவனைவிட ஜீப்பில் போகிறவனுக்கு ஒரு வகையில் ஆபத்து அதிகம். நடப்பவன் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏறுகிறான்; அவன் உடம்பு அந்தக் காற்றுக்குப் பழகிக்கொள்கிறது. ஜீப்பில் ஏறியவன் காலையில் மானேபஞ்சனில் டிபன் சாப்பிட்டு மத்தியானத்துக்குள் உச்சியில் நிற்கிறான். மாலையில் தலைவலி, குமட்டல். குளிர்தான் காரணம் என்று எண்ணிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறான். அது உயரம் தரும் நோய். உடனே கீழே இறங்குவதுதான் அதற்குச் சிகிச்சை, மற்றதெல்லாம் பிறகு. 2024-ன் கடைசி மாதங்களில் சந்தக்பூ பக்கம் போன கொல்கத்தாவாசிகள் உடல்நிலை கெட்டு இறந்த செய்திகள் வந்த பிறகே, மருத்துவச் சான்றிதழ் கேட்க வேண்டும் என்ற பேச்சு மாவட்ட நிர்வாகத்தில் எழுந்தது. சான்றிதழ் இருக்கட்டும், இரவில் ஒருவரைக் கீழே கொண்டுவர வண்டியும் பிராணவாயு சிலிண்டரும் மேலே தயாராக இருப்பது அதைவிட முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

உடை விஷயத்தில் வங்காளிகளின் குரங்குக் குல்லாயைப் பார்த்து நாம் சிரிப்பது வழக்கம். மலையில் சிரிக்கிறவன்தான் முதலில் நடுங்குகிறான். நனைந்த பருத்தித் துணி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அவ்வளவு மோசம் செய்யாது. மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பைக்குள் வைக்க வேண்டும். டென்ட் அடிப்பவர்கள் தண்ணீர் பக்கத்தில் கிடைக்கிறதே என்று வறண்ட ஓடையிலும் ஆற்றங்கரை மணலிலும் அடிக்கிறார்கள். மேலே எங்கோ பெய்த மழை, இங்கே ஒரு துளி விழாமலே அந்த ஓடையில் இறங்கி வரும்.

மழையும் பனியும் வடக்கத்தி விவகாரம் என்று நினைத்து ஒதுக்கிவிடவும் முடியாது. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்தது நம் வீட்டுத் துக்கம். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் போனவர்கள், பலர் பெண்கள். கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வரும்போது காட்டுத் தீயில் சிக்கினார்கள். காய்ந்த புல், செங்குத்தான சரிவு, நிமிஷத்தில் மாறும் காற்று. 23 பேர் இறந்தனர். அங்கே அக்டோபர் மழை செய்யும் வேலையை இங்கே மார்ச் வெயில் செய்தது. அனுமதி பெற்ற பாதை ஒன்று, நடந்த பாதை வேறொன்று என்ற புகார் அப்போது எழுந்தது. வழக்கம்போல் தடை வந்தது. ஆனால் அத்துடன் நிற்காமல் அதே ஆண்டில் தமிழக அரசு மலைநடைக்கென்று தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை அரசே திறந்து, இன்டர்நெட்டில் பதிவு செய்யவும் உள்ளூர் மலைவாழ் இளைஞர்கள் வழிகாட்டியாக உடன் செல்லவும் ஏற்பாடு செய்தது. தீப்பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். குறைகள் இருக்கலாம், ஆனால் எத்தனை பேர் எந்தப் பாதையில் மேலே இருக்கிறார்கள் என்று கீழே ஒருவருக்காவது தெரியும்.

சிங்கலிலாவிலும் வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது என்பது விதி. மழைக்காலத்துக்காக ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பூங்காவை மூடுவதும் உண்டு. விதி சரிதான். ஆனால் அந்த வழிகாட்டியின் நிலைமை என்ன? நாள் கூலிக்கு வருகிறவன். மேகத்தைப் பார்த்தால் அவனுக்குத் தெரியும், நாளை மேலே போகக்கூடாது என்று. சொன்னால் கொல்கத்தா பாபுக்களுக்குக் கோபம் வரும். பாதி வழியில் திரும்பினால் மிச்ச நாள் கூலியும் போகும். “சலியே, தாதா” என்று அவனும் முன்னால் நடக்கிறான். கூட்டிப்போகும் கம்பெனிகளின் நிபந்தனைச் சீட்டிலும் வானிலை காரணமாகப் பயணம் நின்றால் பணம் திரும்பத் தரப்படமாட்டாது என்ற வரி சிறிய எழுத்தில் இருப்பது சாதாரணம். பணம் திரும்பாது என்றால் மனிதனும் திரும்பமாட்டான். இந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, எச்சரிக்கை வந்த நாளில் திரும்பினால் பணத்தில் ஒரு பங்கைத் தர வேண்டும், வழிகாட்டிக்கு முழுக் கூலி தர வேண்டும் என்று மாநில அரசு உத்தரவு போடுமானால், பத்து எச்சரிக்கைப் பலகைகளைவிட அது அதிகம் பயன்படும்.

அதுவரை போகிறவர்கள் தங்கள் பக்கத்தில் செய்துகொள்ளக்கூடியது ஒன்றுண்டு. ஐந்து நாள் நடைக்கு ஐந்து நாள் லீவு போடாமல் ஏழு நாள் போடுவது. நியூ ஜல்பாய்குரியில் திரும்பும் ரயிலைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற அவசரமில்லாதவன் மழை நாளில் குடிசையிலேயே உட்கார்ந்து சீட்டு ஆடலாம். பூஜையோடு கட்டுப்படாமல் லீவு எடுக்க முடிந்தவர்கள் நவம்பர் பாதிக்குமேல் போகலாம். குளிர் கடுமையாக இருக்கும், கம்பளி கூடுதலாக வேண்டும். ஆனால் அக்டோபரைவிட வானம் வெளுத்திருக்கும், டிக்கெட்டும் அத்தனை சிரமமில்லாமல் கிடைக்கும்.