'பத்து மடங்கு' மின்கலன்: நாம் கேட்க வேண்டியவை

"பத்து மடங்கு மின்சாரம் சேமிக்கும் மின்கலன்" என்பதுபோன்ற தலைப்புகளை அடிக்கடி பார்க்கிறோம். அந்தப் பத்து மடங்கு எங்கிருந்து வருகிறது?

கைப்பேசி மின்கலனின் எதிர்மின்முனையில் பெரும்பாலும் கிராஃபைட் உள்ளது. ஒரு கிராம் கிராஃபைட்டின் கொள்ளளவு 372 மில்லிஆம்பியர்-மணி. அதற்குப் பதிலாக லித்திய உலோகத்தை வைத்தால் 3,860. ஆனால், இது அந்த ஒரு முனைக்கான கணக்கு மட்டுமே. மறுமுனை, உறை ஆகியவற்றின் எடையையும் சேர்த்தால் முழு மின்கலனுக்குக் கிடைக்கும் பயன் மிகவும் குறைந்துவிடும்.

இந்த யோசனையும் புதிதன்று. 1970களிலேயே ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்திய உலோக மின்கலனை உருவாக்கினார். கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் அவ்வகை மின்கலன்களை விற்றது. 1989ல் ஜப்பானில் கைப்பேசி ஒன்று தீப்பற்றியதை அடுத்து அவை மீட்டுக்கொள்ளப்பட்டன. 1991ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி மின்கலனில் உலோகத்தின் இடத்தைக் கரி பிடித்தது.

மின்னேற்றும்போது லித்திய உலோகம் சீராகப் படியாததே சிக்கலுக்குக் காரணம். அது மரக்கிளைபோல் வளர்ந்து மறுமுனையைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். உள்ளே இருக்கும் திரவ மின்பகுளியோ எளிதில் தீப்பற்றக்கூடியது.

இதற்கு ஒரு தீர்வாக நுண்துளைப் பொருள்கள் ஆராயப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான உலோக-கரிமக் கட்டமைப்புகளை உருவாக்கியதற்காகவே சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவரும் 2025ல் வேதியியல் நோபெல் பரிசு பெற்றனர். இவற்றின் துளைகள் நானோமீட்டர் அளவிலானவை. சிறிய லித்திய அயனிகளை ஓடவிட்டு, பெரிய எதிர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும்படி துளைகளை வடிவமைக்கலாம். அப்போது லித்தியம் சீராகப் படியும் வாய்ப்பு கூடுகிறது.

ஆனால், இதற்கும் விலை உண்டு. திரவத்தில் ஓடும் வேகத்தில் அயனிகள் பொதுவாக இவற்றில் ஓடுவதில்லை. பொடியாகக் கிடைக்கும் இப்பொருளை மெல்லிய தகடாக்கும்போது துகள்களுக்கிடையே இடைவெளி இருந்தால், அதன் வழியே லித்தியக் கிளைகள் நுழைந்துவிடும்.

2040க்குள் எல்லா வாகனங்களும் தூய்மையான எரிசக்தியில் இயங்க வேண்டும் என்பது சிங்கப்பூரின் இலக்கு. தீப் பாதுகாப்புக்கான யுஎல்2272 சான்று இல்லாத மின்ஸ்கூட்டர்களுக்கு 2020 ஜூலை முதல் இங்கு அனுமதியில்லை. அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்கு, மின்கலனின் கொள்ளளவைவிடப் பாதுகாப்பே முக்கியம்.

எனவே, அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று விவரங்களைத் தேடுங்கள்: எத்தனை முறை மின்னேற்றிச் சோதித்தார்கள்? எவ்வளவு வேகத்தில்? எந்த வெப்பநிலையில்? இவை இல்லாவிட்டால், அந்த மின்கலன் இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.