காலியாக்கப்பட்ட காடு

காடுகளைக் காப்பது பற்றிப் பேச்சு வந்தாலே ஜோன் மியூரின் கதையும் வந்துவிடும். 1868இல் கலிபோர்னியாவுக்கு வந்த ஸ்கொட்லாந்துப் பெடியன். அடுத்த கோடையில் ஆட்டு மந்தையோட சியரா நெவாடா மலையில் ஏறுறார். மலை ஆளை மயக்கிப்போட்டுது. பிறகு எழுதி எழுதியே ஆக்களைத் திரட்ட, 1890இல் யொசெமிட்டி தேசியப் பூங்கா ஆகுது.

கதையில் பொய்யில்லை. 1892இல் சியரா கிளப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1903இல் ஜனாதிபதி ரூஸ்வெல்டையே மூன்று இரவு வெளியில் படுக்க வைத்தவர். ஹெச் ஹெச்சி பள்ளத்தாக்கில் அணை கட்ட வேண்டாம் என்று வருசக்கணக்காகச் சண்டை பிடித்து, 1913இல் தோற்று, அடுத்த வருசமே செத்துப்போனார். அந்த ஓர்மத்தை நான் குறைத்துச் சொல்லேல்லை.

ஆனால் அவர் போகேக்க அந்த இடம் ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தது? அதை ஒருத்தரும் கேக்கிறேல்லை. 1851இல் மரிப்போசா பட்டாளம் யொசெமிட்டிக்குள் புகுந்து, அவானீச்சி மக்களின் குடியிருப்புகளையும், அவர்கள் சேமித்து வைத்திருந்த ஓக் கொட்டைகளையும் எரித்து, சனத்தைக் கலைத்தது. மியூர் வந்தது அதற்குப் பதினேழு வருசம் கழித்து.

இன்னொன்று. மியூர் 'மனிதக் கை படாதது' என்று நினைத்து உருகின புல்வெளியும் ஓக் மரங்களும் சும்மா வந்தவையல்ல. அந்தச் சனம் காலம் பார்த்துச் சின்னச் சின்னதாகத் தீ வைத்துப் பராமரித்த தோட்டம் அது. தீ வைக்கிறதை நிப்பாட்டின பிறகு ஊசியிலை மரங்கள் புல்வெளிக்குள் ஏறி வந்திட்டுது.

தோட்டூயா என்று ஒரு பெண். தலைவர் தெனாயாவின் பேத்தி. 1851இல் சிறுமியாக அங்கிருந்து துரத்தப்பட்டவர். 1929இல், 78 வருசத்துக்குப் பிறகு, கிழவியாகத் திரும்பி வந்து பார்த்தார். அவருக்கு அது அழகாகத் தெரியேல்லை. ஒரே பற்றையாய்க் கிடக்கு என்றுதான் குறைப்பட்டார். அவருக்கும் அது இளமையில் பார்த்த காடுதானே? ஒருவரின் இளமை நினைவு சட்டமாகுது, மற்றவரின் நினைவு பூங்காவின் வரலாற்றுக் குறிப்பில் ஒரு பந்தியாகுது. இதைத்தான் நான் ஏற்கமாட்டன்.

"அப்ப பூங்காவே வேண்டாமோ?" என்று கேப்பீங்கள். வேணும். சட்டம் இல்லாட்டி மரக் கொம்பனிகளும் ஆட்டு மந்தைகளும் அங்க ஒண்டையும் மிச்சம் விட்டிருக்காது. ஆனால் ஓக் கொட்டை பொறுக்குற கிழவியையும் மரக் கொம்பனியையும் ஒரே ஆபத்தாகப் பார்க்கிற சட்டம் எதுக்கு? பள்ளத்தாக்குக்குள் மிஞ்சியிருந்த கடைசிப் பூர்வகுடிக் குடியிருப்பின் வீடுகளையும் 1969இல் அழித்தது பூங்கா நிர்வாகம். அணை கட்ட வந்தவர்களோ ஹெச் ஹெச்சியில் பூங்காவுக்கு உள்ளேயே கட்டிமுடித்தார்கள். வேலி ஆருக்குப் போட்டது என்று இதிலேயே விளங்கும்.

இந்த மாதிரி அமெரிக்காவோட நிக்கேல்லை. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்க வேட்டையாடி, தேன் எடுத்த வேடர்கள் ஒரே நாளில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். அதே மாதுறு ஓயாவை மகாவலித் திட்டத்துக்காக மறித்துப் பெரிய அணை கட்டினது அரசாங்கம்தான்.